போட்ட எண்ணெய் எங்கே போகிறது

என் வீட்டு மாடியில் ஒரு லேத் இருக்கிறது என்று தெரிந்ததும் ஆண்கள் கேட்கும் முதல் கேள்வி, "அதுல என்ன செய்வீங்க?" பெண்கள் வேறு ஒன்றைக் கேட்கிறார்கள். "அந்தக் குப்பையெல்லாம் யாரு கூட்டுறது?" லேத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கேட்கிற பெண்களில் பலர் லேத்தை நேரில் பார்த்ததுகூட இல்லை.

லேத் என்றால் கடைசல் இயந்திரம். இரும்புக் கம்பியையோ பித்தளை உருளையையோ 'சக்' என்கிற பிடியில் இறுக்கிச் சுழலவிட்டு, கூரான ஒரு டூலை அதன்மேல் நகர்த்திச் சீவுவது. நாம் சின்ன வயதில் விளையாடிய அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான்கள், அந்தக் குட்டிக் குடம், திருகை, உரல் எல்லாமே கடைசலில் பிறந்தவைதான். செப்பு வைத்து விளையாடுவது பெண்ணுக்கு, செப்பைக் கடையும் இயந்திரம் பையனுக்கு என்று யார் பங்கு பிரித்தார்கள் என்பது எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் சந்தேகம்.

என்னுடையது மேசைமேல் வைக்கிற சின்ன லேத், 40 கிலோ இருக்கும். முடிச்சூரில், மாடிப்படி ஏறி முடிகிற ஹெட்ரூமில் இருக்கிறது. கீழே இடமில்லை என்பது ஒரு காரணம். 2015 டிசம்பரில் அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்து போனது இன்னொரு காரணம். அதில் பழைய தையல் மெஷின்களுக்கு புஷ் கடைவேன், யாராவது கேட்டால் கிரைண்டருக்கு ஒரு பின், குத்துவிளக்குக்கு மரை தேய்ந்த திருகு. தொழில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி நேரம், அவ்வளவுதான்.

லேத்திலிருந்து வரும் கழிவுக்குப் பட்டறையில் 'சிப்ஸ்' என்று பெயர். பெயர்தான் நொறுக்குத்தீனி மாதிரி. மைல்டு ஸ்டீலைச் சீவினால் நீளநீளமாகச் சுருள் வரும். சூட்டில் நீலம் ஏறி, பார்க்க அழகாக இருக்கும், ஓரம் பிளேடு. பித்தளை கடுகு வெடிப்பதுபோல் பொட்டுப் பொட்டாகத் தெறித்துக் கழுத்துக்குள் போகும். வார்ப்பிரும்பு கரித்தூளாகக் கொட்டும். அன்றைக்கு மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அலுமினியம் டூல் முனையிலேயே அப்பிக்கொள்ளும், ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் விலகும். (ரேஷனில் மண்ணெண்ணெய் தாராளமாகக் கிடைத்த காலம் போய்விட்டது.) பித்தளைக்கும் வார்ப்பிரும்புக்கும் எண்ணெயே வேண்டாம். இரும்புக்கு வேண்டும். அந்த எண்ணெய் சுழற்சியில் சிதறி, சுவரில் ஒரு கோடு போடும், நம் நெஞ்சுக்கு நேராக இன்னொரு கோடு.

1990களின் தொடக்கத்தில் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தேன். வகுப்பில் நாங்கள் மூன்று பெண்கள். ஒர்க்‌ஷாப்பில் ஒரு லேத்துக்கு நான்கு பேர் என்று பிரிப்பார்கள். பையன்கள் ஹேண்டிலைச் சுற்றுவார்கள். நாங்கள் வெர்னியரில் அளவு பார்த்து ரெக்கார்டு நோட்டில் எழுதுவோம். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மாஸ்டர் குரல் கொடுப்பார். "கேர்ள்ஸ், மெஷினத் துடைச்சு சிப்ஸக் கூட்டிடுங்கம்மா." அதட்டலாக இருக்காது, பாசமாகத்தான் சொல்வார். படித்து முடிக்கும்வரை லேத்தில் என் கை பட்டதெல்லாம் அது நின்ற பிறகுதான்.

பிறகு கிண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கேட்டுப் போனேன். "லேடீஸ மெஷின்ல விட ஃபேக்டரி ஆக்ட்ல இடமில்லம்மா" என்று ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார்கள். அந்தச் சட்டத்தைப் பல வருடம் கழித்து எடுத்துப் படித்தேன். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 22. பெண் லேத் ஓட்டக்கூடாது என்று அதில் இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைச் சோதிக்கவோ எண்ணெய் விடவோ வேண்டி வந்தால், தனிப் பயிற்சி பெற்ற வயது வந்த ஆண் தொழிலாளி, நிர்வாகம் கொடுக்கும் இறுக்கமான உடையை அணிந்து அதைச் செய்ய வேண்டும் என்றது முதல் உட்பிரிவு. அடுத்த உட்பிரிவு பெண்களையும் இளம் வயதினரையும் ஒரே வரியில் சேர்த்து, ஓடும் பாகங்களால் காயம்பட வாய்ப்பிருக்கும் இடத்தில் இயந்திரத்தைத் துடைக்கவோ எண்ணெய் விடவோ சரிசெய்யவோ அவர்களை விடக்கூடாது என்றது.

நோக்கம் பாதுகாப்பு. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதே ஆபத்துக்கு ஆணுக்குப் பயிற்சியும் இறுக்கமான உடையும் கிடைத்தன. பெண்ணுக்குத் தடை கிடைத்தது. அந்த உடையை எங்களுக்கும் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. எண்ணெய் விடாமல் இரும்பைக் கடைய முடியாது. ஆகவே 'எண்ணெய் விடாதே' என்பதை 'லேத் பக்கமே வராதே' என்று வாசிப்பது மேற்பார்வையாளர்களுக்குச் சுலபமாக இருந்தது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் ஆயிரக்கணக்கான பெண்கள் லேத்தில் நின்று பீரங்கிக் குண்டு கடைந்தார்கள். அப்போது எண்ணெயும் சுருளும் அவர்களை ஒன்றும் செய்யவில்லைபோல. போர் முடிந்ததும், 1919இல், பழைய நடைமுறைகளை மீட்பதற்கென்றே ஒரு சட்டம் போட்டு அந்த இடங்களை ஆண்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இந்தச் சட்டங்கள் எதற்கும் தெரியாமல் ஒவ்வொரு சனிக்கிழமையும் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் என் அம்மா. வீட்டிலேயே பிளவுஸ் தைத்தவர். மெஷினின் தலையைச் சாய்த்து, ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு. பிறகு சக்கரத்தைக் கையால் நாலு சுற்று. ஒரு கந்தல் துணியை மடித்து ஊசிக்கடியில் வைத்து, அழுத்துக் காலை இறக்கி அப்படியே இரவு முழுக்க விட்டுவிடுவார். காலையில் முதல் நான்கு தையல் அந்தக் கந்தலில்தான். பட்டுத் துணியில் ஒரு பொட்டு எண்ணெய் பட்டாலும் அந்த மாதக் கூலி போய்விடும் என்பதால் வந்த ஒழுங்கு அது. "எண்ணெ போடறது பெரிசில்ல. போட்ட எண்ணெ எங்க போவுதுன்னு பாரு" என்பார். லேத்துக்கு நான் செய்துகொண்ட எல்லாமே இந்த ஒரு வாக்கியத்தின் மேல் நிற்பவைதான்.

முதலில் தட்டு. 15 கிலோ எண்ணெய் டின் ஒன்றைப் பிரித்து, லேத்தின் அடியில் போகும் அளவுக்கு வெட்டினேன். வெட்டிய தகரத்தின் ஓரம் கையைக் கிழிக்கும். துணியில் ஹெம் அடிப்பது மாதிரி ஓரத்தை இரண்டு முறை மடித்துச் சுத்தியால் தட்டினால் கிழிக்காது, தட்டுக்கும் பலம் வரும். மூலைகளை வெட்டாமல் கவர் மடிப்பதுபோல் மடித்தால் எண்ணெய் ஒழுகாது. பின்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் கனத்துக்கு முட்டுக் கொடுத்து, முன்மூலையில் ஒரு துளை போட்டு, துளைக்குக் கீழே பழைய டீ வடிகட்டி, அதற்குக் கீழே பாட்டில். சிப்ஸ் தட்டில் தங்கும், எண்ணெய் இறங்கும். வடிந்த எண்ணெயைத் துணியில் இன்னொருமுறை வடிகட்டினால் மறுபடி உபயோகிக்கலாம். வடை சுட்ட எண்ணெயை மட்டும் லேத்துக்கு ஊற்றக்கூடாது. சமையல் எண்ணெய் சில நாளில் பிசினாகி, நகர வேண்டிய பாகங்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

பெரிய லேத்களில் பம்பு வைத்துப் பால்போன்ற கூலன்ட் ஓடும். தண்ணீரில் கரையும் எண்ணெய் அது, இருபதுக்கு ஒன்று என்று கலப்பார்கள். தண்ணீரில்தான் எண்ணெயை ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் திரிந்துபோகும். எனக்குப் பம்பு தேவையில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப் செட் போதும். சுவரில் ஆணி அடித்து பாட்டிலைத் தொங்கவிட்டு, குழாயின் நுனியை டூலுக்கு நேராகக் கம்பியில் கட்டிவிட்டால், உருளையைத் திருகிச் சொட்டின் வேகத்தை வைத்துக்கொள்ளலாம். 20 சொட்டு 1 மில்லி என்று உறையிலேயே போட்டிருப்பார்கள். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு மணி நேரத்துக்கு 180 மில்லிதான். வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தவர்களைப் பார்த்துக்கொண்ட எந்தப் பெண்ணுக்கும் அந்த உருளையைக் கட்டைவிரலால் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று தெரியும். மே மாதத்தில் இந்தக் கலவை சில நாளிலேயே நாற ஆரம்பிக்கும் என்பதால் கொஞ்சமாகக் கலந்து அன்றே தீர்ப்பது நல்லது. தோசை மாவு மாதிரி நாளைக்கும் வைத்துக்கொள்ள முடியாது.

தெறிப்பைத் தடுக்க, கீறல் விழுந்த ஒரு ஹெல்மெட்டின் முன்கண்ணாடி. பாலிகார்பனேட், உடையாது, ஏற்கெனவே வளைந்திருக்கும். அலமாரிக் கீல் ஒன்றைப் போட்டு சக்கின் மேல் மூடித் திறக்கிற மாதிரி வைத்திருக்கிறேன். சுருளை இழுக்க சைக்கிள் போக்குக் கம்பியை வளைத்து ஒரு கொக்கி. கையால் சுருளை இழுத்தால் விரலை அறுத்துவிடும். கொக்கியின் கைப்பிடியை வளையமாகச் செய்யக்கூடாது என்பது முக்கியம். சுருள் சக்கில் மாட்டி இழுத்தால் விரலும் கூடவே போகும். நேரான பிடியாக இருந்தால் கை விட்டுவிடும். கையுறையும் ஆகாது, அதே காரணம்தான். இரும்புத்தூளைப் பொறுக்கப் பழைய ஸ்பீக்கர் காந்தம், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பை. பையை உள்வெளியாக உருவினால் தூள் மொத்தமும் பைக்குள் வந்துவிடும். பித்தளைக்குக் காந்தம் உதவாது, பெயின்ட் பிரஷ்தான். காற்று பீய்ச்சி ஊதினால் ஒரு நிமிடத்தில் சுத்தமாகிவிடும் என்பார்கள். ஊதினால் தூள் இயந்திரத்தின் இடுக்குகளுக்குள் போய் உட்காரும், மீதி மாடிப்படி வழியாகக் கீழே போகும்.

கீழே போகக்கூடாது என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். எங்கள் வீட்டைக் கூட்டித் துடைக்க ஓர் அக்கா வருகிறார். வெறுங்காலில்தான் வேலை செய்வார். இதற்கு முன் ஒரு பட்டறையைக் கூட்டிக்கொண்டிருந்தவர். "சாயங்காலம் வீட்டுக்குப் போனா, எம் பொண்ணு ஊசிய வெச்சு உள்ளங்கால்ல இருக்குற இரும்ப எடுப்பா. அதுக்கப்புறம்தான் அவளுக்குச் சோறு போடுவேன்" என்று ஒருமுறை சொன்னார். ஓரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது சாதாரணமாகச் சொன்னதுதான். பொழுதுபோக்கு என்று நான் சீவித் தள்ளுகிற ஒரு துணுக்கு அந்தக் காலில் ஏறினால், பாலிடெக்னிக் மாஸ்டருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. ஹெட்ரூமின் கதவுக்கு உள்ளே ஒரு தேங்காய்நார் மிதியடி, அங்கேயே கழற்றிப் போடும் செருப்பு, அங்கேயே மாட்டும் ஏப்ரன். அந்த ஏப்ரனில் மேல்திறந்த பை வைக்கவில்லை, சிப்ஸ் சேரும் இடம் அதுதான். லேத் ஓடிய நாளில் மாடியைக் கூட்டுவது நான். இதில் மாற்றம் கிடையாது. "அவங்கதான் வர்றாங்களே, அவங்ககிட்ட சொன்னா என்ன?" என்று வீட்டில் கேட்கப்பட்டது. இப்போது கேட்பதில்லை.

உடைக்கு வருகிறேன். 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், படிப்பை முடிக்க இருந்த ஒரு மாணவி இரவில் பட்டறையில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தபோது லேத்தில் தலைமுடி சிக்கி இறந்துபோனார். 22 வயது. அந்தச் செய்தியை மறந்துவிட்டு நான் ஒருநாளும் சுவிட்சைப் போட்டதில்லை. கொண்டை, அதன்மேல் துணித்தொப்பி, துப்பட்டா இல்லை, நைட்டி இல்லை, வளையல் இல்லை. மகனின் பழைய டீ-ஷர்ட். வீட்டில் யாராவது இருக்கும்போது மட்டும் லேத். தாம்பரம் சானடோரியத்தில் 1984 முதல் இயங்கும் மெப்ஸ் வளாகத்திலிருந்து சாயங்காலம் வெளியே வரும் பெண்களில் சிலர் நெற்றியில் தொப்பி அழுத்திய தடத்தோடு வருவார்கள். முடி விழுந்து பொருள் கெடக்கூடாது என்பதற்காகப் போடப்படும் தொப்பி அது. பொருளுக்காக என்றால் உடனே தொப்பி கிடைக்கிறது.

நான் செய்ததிலேயே எனக்குப் பெருமையான விஷயம், மடிப்பு உறை. லேத்தின் பெட் என்பது வழுவழுப்பாகத் தீட்டிய இரண்டு தண்டவாளங்கள். அதன்மேல்தான் டூலைத் தாங்கும் சேடில் முன்னும் பின்னும் போகும். பெட்டின் மேல் விழும் சிப்ஸ் சேடிலுக்கடியில் மாட்டிக் கோடு போட்டால் இயந்திரத்தின் துல்லியம் போய்விடும். விலை உயர்ந்த இயந்திரங்களில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி சுருங்கி விரியும் ஓர் உறை இருக்கும். என்னுடையதில் இல்லை. கிழிந்த இரண்டு குடைகளின் துணியை எடுத்தேன். அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரே படங்கள் ஒரு கட்டு இருந்தன. பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் எலும்பெல்லாம் கரைந்து, இளநீலமான வெறும் ஷீட் மிஞ்சும். அதை ஒன்றரை அங்குலப் பட்டைகளாக வெட்டி, இரட்டைத் துணிக்கு நடுவே தைத்த பட்டிகளில் ஒவ்வொன்றாகச் செருகினேன்.

கஷ்டம் மடிப்பின் ஆழத்தில்தான். புடவைக் கொசுவம் பிடிக்கும்போது அகலமாக எடுத்தால் ஏழு மடிப்பில் முடியும், ஆனால் புடைத்துக்கொண்டு நிற்கும். சின்னதாக எடுத்தால் படியும், ஆனால் மடிப்புகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து இடுப்பைப் பருமனாக்கும். இங்கேயும் அதே கணக்கு. ஆழமான மடிப்பு மேலெழும்பி டூலில் இடிக்கும்; சின்ன மடிப்பு சுருங்கும்போது கனமாகச் சேர்ந்து சேடில் போக வேண்டிய தூரத்தைத் தின்னும். நான்கு அளவில் காகிதத்தில் மடித்துப் பார்த்துத்தான் ஒன்றரை அங்குலத்துக்கு வந்தேன். தையல் ஓட்டை வழியாக எண்ணெய் கசியும் என்று தெரியும், அதனால் தையல்மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்து இஸ்திரிப் பெட்டியால் லேசாகச் சூடு காட்டினேன். இந்த வேலைக்கு டிப்ளமாவில் படித்த எதுவும் உதவவில்லை, 'எஞ்ஜினியரிங் டிராயிங்' உட்பட. சேடிலை நகர்த்தும்போது உறை ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் விரிவதைப் பார்க்க அம்மா மாடி ஏறி வந்தார். முழங்கால் வலியோடு. "எம் முட்டியா இது?" என்றார்.

துடைக்கும் துணி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் விற்கும் பனியன் வேஸ்ட் திருப்பூரிலிருந்து வருவது. வெட்டி மிஞ்சிய துணியை நிறம் வாரியாகப் பிரித்துப் போடும் வேலையில் பெண்கள்தான் அதிகம். சில துண்டுகளில் ஏதோ வெளிநாட்டுக் குழந்தைச் சட்டையின் பாதி ஓவியம் அச்சாகி இருக்கும், யானையின் தும்பிக்கை மட்டும். அந்தத் துணியை ஓடும் லேத்தில் வைத்துத் துடைத்தால் நூல் பிரிந்து சக்கில் சுற்றிக் கையை இழுக்கும். நின்ற பிறகுதான் துடைக்க வேண்டும். துடைத்த துணியைச் சாக்கடை ஓரம் வீசக்கூடாது. 2015 வெள்ளத்தில் எங்கள் கூடத்துக்குள் நின்ற தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. தெருவின் எல்லா ஒர்க்‌ஷாப்பும் எல்லா வண்டியும் எல்லா வீடும் அதில் இருந்தன. மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்தும் சுவரில் அந்தக் கோடு போகவில்லை. தேய்த்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வடிகட்டியும் தேறாத என் எண்ணெய் பாட்டிலில் சேர்ந்து, முடிச்சூர் ரோட்டில் இருக்கும் லேத்துக்கார அண்ணன் பட்டறைக்குப் போகிறது. அவர் பழைய எண்ணெய் எடுப்பவரிடம் போடும் பீப்பாயில் ஊற்றுவேன். பித்தளைத் தூள் தனி டப்பா, இரும்பு தனி. காயலான் கடையில் இரண்டையும் கலந்து கொடுத்தால் இரும்பு விலைதான் கிடைக்கும்.

அந்த லேத்துக்கார அண்ணன் போன மாதம் என் மடிப்பு உறையை போனில் படமாகப் பார்த்தார். அவருடையது ஆறடி லேத், அவருடைய அப்பா காலத்தது. சேடிலுக்கடியில் கோடு விழுந்து ஏற்கெனவே ஒருமுறை பெட்டைத் தேய்த்தாயிற்று.

"எனக்கு ஒண்ணு தெச்சுத் தாங்கக்கா. துணிக்கு எவ்ளோ ஆச்சோ சொல்லுங்க, குடுத்துடறேன்."

"கூலி?"

"அதுக்கென்னக்கா கூலி, வீட்ல சும்மா இருக்கறப்ப தெக்கிறதுதானே."

"நீங்க ஒரு புஷ் கடைஞ்சா மணிக்கு எவ்வளவு வாங்குறீங்கண்ணா?"

சொன்னார். அதே தொகை, எட்டு மணி நேர வேலை, துணியும் ஷீட்டும் தனி என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு டேப்பை எடுத்தார். ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார், மறுமுனையை நான். சேடிலிலிருந்து டெயில் ஸ்டாக் வரை 3 அடி 4 அங்குலம். இந்த நீளத்துக்குக் குடைத்துணி தாங்காது. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய் ரெக்ஸின் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதி முன்பணம் வாங்கியிருக்கிறேன்.